ஆயரிடமும் கேட்டார், ஆண்டவரிடமும் கேட்டார்

1938 ஏப்ரல் 10, குருத்து ஞாயிறு. அன்று ஆஸ்திரியா முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. ஹிட்லரின் படை நாட்டுக்குள் நுழைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜெர்மனியோடு நாடு இணைந்ததை ஏற்கிறீர்களா என்பதுதான் கேள்வி. பவேரிய எல்லையை ஒட்டி, சால்ஸாக் ஆற்றின் பக்கத்தில் சாங்க்ட் ராடெகுண்ட் என்று ஒரு சின்ன விவசாயக் கிராமம். ஹிட்லர் பிறந்த பிரௌனாவ் நகரம் அங்கிருந்து அதிக தூரமில்லை. அந்தக் கிராமத்தில் ‘இல்லை’ என்று வாக்களித்தவர் ஒரே ஒருவர். அந்த வாக்கையும் மறைத்துவிட்டு, ஊரே ‘ஆம்’ என்றதாக மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார்கள்.

அந்த ஒருவரின் பெயர் ஃப்ரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். முப்பது வயது விவசாயி, கத்தோலிக்கர். வாக்கெடுப்புக்கு மூன்று வாரம் முன்பு, மார்ச் 18ஆம் தேதி, ஆஸ்திரியாவின் ஆயர்கள் எல்லாரும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். ‘ஆம்’ என்று சொல்வதை விசுவாசிகளின் கடமையைப் போலவே அது பேசியது. கோவில்களில் வாசிக்கப்பட்டது. வியன்னாவின் கர்தினால் இன்னிட்சர் அதனுடன் அனுப்பிய கடிதத்தில் கையெழுத்துக்கு மேலே ‘ஹைல் ஹிட்லர்’ என்று தம் கைப்பட எழுதியிருந்தார். அதாவது ஃப்ரான்ஸ் அன்று எதிர்த்து வாக்களித்தது ஹிட்லரை மட்டுமல்ல. ஞாயிறுதோறும் தாம் மண்டியிடும் சபையின் தலைவர்கள் சொன்னதையும் மீறித்தான் அந்தச் சீட்டில் குறியிட்டார்.

நான் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தென்கடலோரத்தில் உள்ள எங்கள் பங்கில் இளைஞர்களுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். ஒழுக்கம் பற்றி எதைப் பேச ஆரம்பித்தாலும் பிள்ளைகள் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். “டீச்சர், கோவில்ல ஒண்ணு சொல்றாங்க. நான் ஜெபம் பண்றப்ப என் மனசுக்கு வேற ஒண்ணு தோணுது. எதைக் கேக்கணும்?” இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஃப்ரான்ஸின் கதையைச் சொல்கிறேன். அவர் வாழ்க்கையில் இந்தக் கேள்வி தலை போகிற கேள்வியாகவே வந்து நின்றது.

அவர் பிறவியிலேயே புனிதர் போல வாழ்ந்தவர் அல்ல. 1907 மே 20ஆம் தேதி, திருமணமாகாத ஒரு பண்ணை வேலைக்காரப் பெண்ணுக்குப் பிறந்தார். கல்யாணம் செய்துகொள்ளும் அளவுக்குப் பெற்றோரிடம் வசதி இல்லை. தந்தை முதல் உலகப்போரில் இறந்தார். பாட்டிதான் வளர்த்தாள். பிறகு தாய் ஒரு விவசாயியை மணந்தபோது அவர் ஃப்ரான்ஸைத் தத்தெடுத்துத் தம் பெயரைக் கொடுத்தார். வாலிபத்தில் ஐசனேர்ட்ஸ் என்ற ஊரில் இரும்புத் தாது சுரங்கத்தில் வேலை. அங்கே கோவிலுக்குப் போவதை விட்டுவிட்டு, பிறகு தவித்துத் திரும்பி வந்தார். ஊருக்குள் முதல் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான் என்பார்கள். 1933இல் திருமணத்துக்கு வெளியே ஒரு மகள் பிறந்தாள். 1936இல், பெரிய வியாழனன்று, ஃப்ரான்ஸிஸ்கா என்ற பெண்ணை மணந்து இருவரும் ரோமுக்குப் பயணம் போனார்கள். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தார்கள். ஃப்ரான்ஸிஸ்காவோடு சேர்ந்துதான் அவருடைய ஜெப வாழ்க்கை ஆழமானது. இருவரும் சேர்ந்து ஜெபித்தார்கள், பைபிள் வாசித்தார்கள். அவர் தினமும் நற்கருணை வாங்கத் தொடங்கினார். 1941 முதல் ஊர்க்கோவிலைத் திறந்து, மணியடித்து, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைக்கிற வேலையையும் ஏற்றுக்கொண்டார். எங்கள் பக்கத்தில் உபதேசியார் செய்கிற வேலை அது.

இந்த விவரங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. ‘எனக்கும் கடவுளுக்கும் நடுவில் யாரும் வேண்டாம்’ என்று சபையை விட்டு விலகிப்போன மனிதர் அல்ல ஃப்ரான்ஸ். சபையின் உள்ளே, பீடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் ஒரு குடியானவர் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நின்றவர். அப்படிப்பட்டவருக்குத்தான் சபையின் மனிதர்கள் சொன்னதை ஏற்க முடியாமல் போயிற்று.

ஹிட்லர் தப்பு என்று அவருக்கு எங்கிருந்து தெரிந்தது? இந்த இடத்தில்தான் ஆயர் க்ஃபோல்னர் வருகிறார். அந்தப் பகுதி லின்ஸ் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் ஆயராக இருந்த யோஹன்னஸ் க்ஃபோல்னர் 1933 ஜனவரியிலேயே, ஹிட்லர் ஜெர்மனியில் ஆட்சிக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பு, ஒரு சுற்றுமடல் எழுதினார். நல்ல கத்தோலிக்கராகவும் உண்மையான நாஜியாகவும் ஒரே நேரத்தில் ஒருவர் இருக்க முடியாது என்பது அதன் சாரம். 1937 மார்ச்சில் திருத்தந்தை பதினோராம் பயஸ் ஜெர்மன் மொழியிலேயே ஒரு மடல் எழுதி, இனத்தையும் அரசையும் கடவுள் இடத்தில் வைப்பதைக் கண்டித்தார். ஃப்ரான்ஸ் தாமாக யோசித்துக் கண்டுபிடித்த நீதி அல்ல அது. சபை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. 1938இல் ஆயர்கள் தங்கள் பழைய வார்த்தையை விழுங்கியபோது, அவர் அதை விழுங்காமல் வைத்திருந்தார். அவ்வளவுதான் நடந்தது.

மனசாட்சி என்றால் பிறக்கும்போதே உள்ளே வைத்து அனுப்பிய குரல் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. யாரும் இல்லாத அறையில் நாம் தனியாக எதையாவது நினைக்கும்போதும் தாய்மொழியில்தான் நினைக்கிறோம். அந்த மொழியை அம்மாவும் தெருவும் பள்ளியும் கொடுத்தார்கள். ஜெபமும் அப்படித்தான். முழங்காலில் தனியாக நின்றாலும், எதைப் பாவம் என்று உணர்கிறோம், யாரை அயலான் என்று எண்ணுகிறோம் என்பதெல்லாம் யாரோ நமக்குப் பேசிக் காட்டியதிலிருந்து வருகிறது. அதனால்தான் ‘ஜெபம் பண்ணினேன், தெளிவு கிடைத்தது’ என்று ஒருவர் சொல்லும்போது, எந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த மனம் அது என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்கு ஆஸ்திரியா வரை போக வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் நமக்குத் தெரியும். வேதசாட்சி தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற ஊர். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோவிலையே இரண்டு நீள்கூடங்களாகக் கட்டினார்கள். ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் மற்றவர்கள். இரண்டும் பீடத்துக்கு முன்னால்தான் சேரும். பார்ப்பதற்குக் கால்சட்டை போல இருந்ததால் அப்படியே பெயரும் வைத்து அழைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பங்குத்தந்தையாக இருந்த கௌசானல் அடிகளார் அந்தப் பிரிவினையை இடித்தார். எதிர்த்தவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். அந்தக் கூடங்களில் நின்று ஜெபமாலை சொன்னவர்களின் பக்தி பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நோயாளிக்காக அழுது மன்றாடியிருப்பார்கள், தபசு காலத்தில் ஒருசந்தி இருந்திருப்பார்கள். ஆனால் நடுவில் இருந்த தடுப்பு தப்பு என்று அந்த ஜெபம் அவர்களுக்குச் சொல்லவில்லை. சபையின் வழக்கமும் சொல்லவில்லை; தடுப்பைக் கட்ட இடம் கொடுத்ததே சபைதான். சபை தவறினால் ஜெபம் காப்பாற்றும், ஜெபம் தவறினால் சபை காப்பாற்றும் என்று நாம் வைத்திருக்கிற கணக்கு அங்கே இரண்டு பக்கமும் பொய்த்தது. கௌசானல் கடைசியில் எதை நம்பி இடித்தார்? இரண்டு கூடத்திலும் வாசிக்கப்பட்ட அதே சுவிசேஷத்தை.

ஃப்ரான்ஸிடம் திரும்புவோம். 1940இல் அவரை ராணுவத்துக்கு அழைத்தார்கள். ஊர்த் தலைவர் தலையிட்டதால் முதல் முறை சில நாட்களில் திரும்பினார். அக்டோபரில் மறுபடி அழைப்பு வந்தது. 1941 ஏப்ரல் வரை என்ஸ் நகரத்தில் பயிற்சி. அப்போதே அவர் புனித பிரான்சிஸின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் அரசு கொன்றுகொண்டிருந்த காலம் அது. அதற்கென்றே அமைத்த இடங்களில் ஒன்றான ஹார்ட்ஹைம் மாளிகை லின்ஸ் நகருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்தக் கொலைகளைப் பற்றிய செய்தி அவர் காதுக்கும் வந்தது. பயிற்சி முடிந்து ஊர் திரும்பியவர், இன்னொரு முறை கூப்பிட்டால் போகமாட்டேன் என்று வீட்டில் சொன்னார்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நான் பிள்ளைகளுக்கு விரிவாகச் சொல்வேன். உள்ளுணர்வு வந்தது, முடிவெடுத்தேன் என்று அவர் இருந்துவிடவில்லை. கோடுபோட்ட நோட்டுகளில் தம் சந்தேகங்களைக் குடியானவர் நடையில் எழுதி எழுதிப் பார்த்தார். பைபிளைத் தேடினார், வேதசாட்சிகளின் வரலாறுகளை வாசித்தார். தெரிந்த குருக்களிடம் போய்க் கேட்டார். அவருடைய பங்குத்தந்தை காரோபாத்தை, ஆட்சிக்கு எதிராகப் பிரசங்கம் வைத்ததற்காக 1940இல் கைது செய்து, அந்த வட்டாரத்திலேயே இருக்கக் கூடாது என்று விரட்டியிருந்தார்கள். அவரையும் தேடிப் போய்க் கேட்டார். தைரியசாலியான அந்தச் சாமியாரே ஃப்ரான்ஸின் உயிரைக் காப்பாற்ற நினைத்து, வேண்டாம் என்று வாதாடினார். வேத வசனங்களை வைத்தே ஃப்ரான்ஸ் பதில் சொன்னார். புதிதாக வந்திருந்த இளம் குருவானவரும் மனதை மாற்றத்தான் பார்த்தார்.

கடைசியில் 1943 தொடக்கத்தில், மனைவியை அழைத்துக்கொண்டு லின்ஸுக்குப் போனார். க்ஃபோல்னர் இறந்துவிட்டிருந்தார். மறைமாவட்டத்தை அப்போது நடத்திவந்தவர் ஆயர் யோசேப் ஃப்ளீசர். ஃப்ரான்ஸ் கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தார். அநியாயமான போர் என்று தெரிந்தும் அதில் சண்டையிடுவது எப்படிப் பாவமில்லாமல் போகும்? பக்கத்து நாட்டுக்காரனைக் கொன்று அவன் நிலத்தைப் பறிப்பதைத் தாய்நாட்டைக் காப்பது என்று எப்படிச் சொல்வது? கேள்விகள் இந்தத் தடத்தில் இருந்தன. ஃப்ரான்ஸிஸ்கா வெளியே காத்திருந்தார். ஆயர் சொன்ன பதில் பழைய பாடப்புத்தகங்களில் உள்ள பதில்தான். ஆட்சியாளர் செய்வதற்கு ஆட்சியாளரே பொறுப்பு. தனிக் குடிமகன் அதைத் தீர்ப்பிட வேண்டியதில்லை. உனக்குக் குடும்பம் இருக்கிறது, உன் கடமை அங்கே இருக்கிறது. ஃப்ரான்ஸ் முகம் வாடி வெளியே வந்தார். அவர்களுக்கே பயம், பேசினால் அவர்களும் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று மனைவியிடம் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. வந்தவர் ஒருவேளை உளவாளியாக இருப்பாரோ என்று ஆயர் சந்தேகப்பட்டிருப்பார் என்றும் ஃப்ரான்ஸுக்குத் தோன்றியது. ஆயர்மேல் அவர் கோபம் கொள்ளவில்லை.

நானும் அந்த ஆயரைத் தூக்கி எறிய மாட்டேன். மூன்று குழந்தைகளின் தகப்பன் எதிரே உட்கார்ந்து ‘நான் சாகலாமா’ என்று கேட்டால், ‘சா’ என்று எந்த மேய்ப்பனால் சொல்ல முடியும்? ஆனால் அவர் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை என்று உறுதியாக நினைக்கிறேன். ‘நீ நினைப்பது சரிதான். இந்தப் போர் அநியாயமானது. உன்னைப் போ என்றும் போகாதே என்றும் கட்டளையிட எனக்கு அதிகாரம் இல்லை. நீ எதைத் தேர்ந்தாலும் சபை உன்னைக் கைவிடாது.’ இவ்வளவு போதும். வழிகாட்டுவது என்பது முடிவைக் கையில் கொடுப்பது என்று நம் சாமியார்களும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். அந்த மனிதருக்குத் தேவைப்பட்டது உண்மையை உண்மை என்று ஒப்புக்கொள்ளும் ஒரு வாய்.

1943 மார்ச் 1ஆம் தேதி என்ஸ் முகாமுக்குப் போய், ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று அறிவித்தார். லின்ஸ் சிறை, பிறகு மே மாதம் பெர்லினில் டேகல் சிறை. மருத்துவ ஊழியராகச் சேவை செய்யத் தயார் என்று ஃப்ரான்ஸ் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜூலை 6ஆம் தேதி மரண தண்டனை விதித்தார்கள். ஃப்ரான்ஸிஸ்கா இளம் பங்குக் குருவுடன் ரயிலேறி பெர்லினுக்குப் போய்க் கடைசியாக ஒரு முறை பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்திலும் சாமியார் கைதியின் மனதை மாற்றவே முயன்றார்.

இதோடு நிறுத்தினால், ‘சபை கைவிட்டது, தனி விசுவாசம் காப்பாற்றியது’ என்று முடிந்துவிடும். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் டேகலில் இன்னொன்றும் நடந்தது. சிறைக்கு வந்துபோன குரு க்ராய்ட்ஸ்பெர்க், ஃப்ரான்ஸ் ரைனிஷ் என்ற ஆஸ்திரியக் குருவைப் பற்றி அவரிடம் சொன்னார். ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, ஓராண்டு முன்பு, 1942 ஆகஸ்டில் கொல்லப்பட்டவர் ரைனிஷ். அதைக் கேட்டதும் ஃப்ரான்ஸின் முகம் தெளிந்ததாம். ஒரு குருவே இந்த வழியில் போயிருக்கிறார் என்றால் நானும் போகலாம் என்று அவர் சொன்னாராம். அத்தனை ஆண்டு ஜெபித்து, அத்தனை உறுதியாக நின்றவருக்கும் அந்தச் செய்தி தேவைப்பட்டது. தாம் பிசகிப்போன தனி மனிதர் அல்ல என்று யாரோ ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னதும், கட்டிய கைகளோடு இருந்தவருக்கு நற்கருணை கொண்டுவந்து கொடுத்ததும் சபைதான்.

ஆகஸ்ட் 9ஆம் தேதி மாலை பிராண்டன்பர்க் சிறையில் தலையை வெட்டினார்கள். அதற்கு முன் அவரைப் பார்த்த குரு யோஹ்மான், மேசைமேல் ஒரு தாள் இருந்ததைக் கண்டார். கையெழுத்துப் போட்டால் உயிர் பிழைக்கலாம். ஃப்ரான்ஸ் அதைத் தள்ளி வைத்துவிட்டார். கடைசிக் கடிதத்தில் தம் தாயிடமும் மனைவியிடமும், உங்களுக்கு நேர்ந்த வேதனைக்காக மன்னியுங்கள் என்று கேட்கிறார். வீரவசனம் எதுவும் அதில் இல்லை.

போர் முடிந்த பிறகும் ஊர் அவரை ஏற்கவில்லை. ஊரார் குற்றம் சாட்டியது ஃப்ரான்ஸிஸ்காவை. இவள்தான் பக்தி பக்தி என்று அவன் மனதைக் கெடுத்தாள் என்றார்கள். உண்மையில் அவரும் முதலில் கணவரைத் தடுத்தவர்தான். நானும் கைவிட்டால் இவருக்கு யாருமே இல்லை என்று தெரிந்தபிறகு பக்கத்தில் நின்றார். போரில் இறந்தவர்களின் விதவைகளுக்குக் கிடைத்த உதவித்தொகை அவருக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. நிலத்தைத் தாமே உழுது மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். கணவர் பார்த்த கோவில் வேலையையும் எடுத்துச் செய்தார். 1946இல் மறைமாவட்டப் பத்திரிகையில் ஃப்ரான்ஸைப் பற்றி ஒரு கட்டுரை வர இருந்தது. ஆயர் ஃப்ளீசர் நிறுத்திவிட்டார். கடமையைச் செய்து போர்க்களத்தில் இறந்த இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் கருத்து.

கார்டன் ஸான் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அந்தக் கிராமத்துக்குப் போய் விசாரித்து 1964இல் புத்தகம் எழுதிய பிறகே வெளியுலகத்துக்கு இந்தக் கதை தெரிந்தது. அப்போது ரோமில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஃப்ரான்ஸின் பெயரை எடுத்து வைத்தவர் யார் தெரியுமா? நம் நாட்டில், பம்பாயில் 1950 வரை பேராயராக இருந்த தாமஸ் ராபர்ட்ஸ். தனக்குப் பின் இந்தியர் ஒருவர் வர வேண்டும் என்று வழிவிட்டு விலகிய ஆங்கிலேயர். மனசாட்சிக்காகத் தனியாகச் சாகும் மனிதனுக்குச் சபை துணை நிற்க வேண்டாமா என்பது அவர் எழுப்பிய கேள்வி. 1965 டிசம்பர் 7ஆம் தேதி வெளியான சங்க ஏட்டில், மனசாட்சிக்காக ஆயுதம் ஏந்த மறுத்து வேறு வழியில் சமூகத்துக்குச் சேவை செய்ய முன்வருபவர்களுக்குச் சட்டங்கள் இடம் தர வேண்டும் என்று எழுதினார்கள். ஃப்ரான்ஸ் நீதிமன்றத்தில் கேட்டது கிட்டத்தட்ட அதைத்தான். அதே ஏடு மனசாட்சியை, மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் உள்ளறை என்கிறது. உடனேயே, அந்த மனசாட்சியும் தவறக்கூடும் என்றும், உண்மையைத் தேட அக்கறைப்படாதவனின் மனசாட்சி பாவப் பழக்கத்தால் குருடாகிவிடும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியைக் கூட்டங்களில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை என்பது என் வருத்தம்.

1997இல் பெர்லின் நீதிமன்றம் அந்த மரண தண்டனையை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26ஆம் தேதி, ஒரு காலத்தில் அவருடைய கதையை அச்சிட மறுத்த அதே லின்ஸ் மறைமாவட்டத்தின் பேராலயத்தில் அவரை அருளாளராக உயர்த்தினார்கள். தொண்ணூற்று நான்கு வயதில் ஃப்ரான்ஸிஸ்கா முன்வரிசையில் இருந்தார். நூறு வயது நிறைந்து 2013இல்தான் இறந்தார்.

இனி எங்கள் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்துச் சரக்குகளுக்குக் கணக்கு எழுதும் ஓர் அலுவலகத்தில் வேலை. எடையைக் குறைத்து எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அன்பியக் கூட்டத்தில் மனம்விட்டுச் சொன்னபோது, “வீட்டுக் கடன் இருக்குல்லப்பா, ஆண்டவருக்குத் தெரியாதா” என்றார்கள். பூசை முடிந்து ஓடுகிற அவசரத்தில் சாமியார், “பாத்து நடந்துக்கோப்பா” என்றார். அவன் ஜெபித்தான். ஒருநாள் வேலையை விடு என்று தோன்றியதாம், மறுநாள் இரு என்று தோன்றியதாம். என்னிடம் வந்து, “டீச்சர், ரெண்டும் ஆண்டவர் குரல் மாதிரியே இருக்கு” என்றான். அந்த வார்த்தையில் இருந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஒரு தாளை எடுத்துக் கேள்விகளை எழுதச் சொன்னேன். யாருடைய பணம் போகிறது, யார் பழியைச் சுமப்பார்கள், இருக்கச் சொல்லும் குரல் எதற்குப் பயப்படுகிறது, விடச் சொல்லும் குரலில் கோபம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எழுதினான். பத்துக் கட்டளைகளில் களவைப் பற்றியும் பொய்ச்சாட்சி பற்றியும் மறைக்கல்வியில் படித்ததை மறுபடி எடுத்து வாசித்தான். அந்தத் தாளோடு சாமியாரிடம் போய், “சாமி, எனக்கு ஒரு சாயங்காலம் வேணும்” என்று கேட்கச் சொன்னேன். சாமியார் கொடுத்தார். வெகுநேரம் பேசியிருக்கிறார்கள். அவர் இதைச் செய் என்று சொல்லவில்லையாம். எடையைக் குறைத்து எழுதியதை மட்டும் தப்பென்றே சொன்னாராம், வேலை போனால் தேடித் தர நானும் அலைகிறேன் என்றாராம்.

அவன் அந்த வேலையை விட்டுவிட்டான். இப்போது ஒரு மருந்துக் கடையில் நிற்கிறான். சம்பளம் பாதிக்கும் கொஞ்சம் மேலே. கடன் தவணை தள்ளிப்போகிறது. அவன் அம்மா கோவில் வாசலில் என்னைப் பார்த்தால் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. நான் கொடுத்த தாளுக்கு மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருப்பவர் அவர்தான். மாதா திருவிழா முடிந்ததும் சாமியாரும் நானுமாக அந்த வீட்டுக்குப் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.